பள்ளி உணவு வைப்பறை: ஈகையாகச் சுருங்காமல் உரிமையாக வளர

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் பத்தாம் வகுப்பை முடித்துப் பதினொன்றாம் வகுப்பில் சேரும் நாளில், அதுவரை அவருக்குக் கிடைத்துவந்த சத்துணவு நின்றுபோகிறது. பசி மட்டும் அவரோடு மேல்வகுப்புக்கு ஏறி வருகிறது. இந்த இடைவெளியை நிரப்ப ஆசிரியர்களும் மாணவர் அமைப்புகளும் கையாளத்தக்க எளிய வழிகளுள் ஒன்று, கல்வி நிலையத்துக்குள்ளேயே உணவு வைப்பறை ஒன்றை அமைப்பது. அதை எப்படி அமைப்பது, எங்கே அது பிழைபடும், சாதிச் சமூகத்தில் எவற்றில் விழிப்போடு இருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

உணவு வைப்பறை என்பது என்ன?

சமைத்த உணவைப் பந்தியிட்டுப் பரிமாறுவது சத்துணவுக் கூடம். உடனே உண்ணத்தக்க பொருள்களையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்க உலர் பொருள்களையும் சேமித்து வைத்து, தேவைப்படும் மாணவர் தாமே வந்து எடுத்துக்கொள்ள விடுவது உணவு வைப்பறை. ஒரு பூட்டு அலமாரியும் பொறுப்பான குழுவும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அமெரிக்காவில் ‘ஃபுட் பேன்ட்ரி’ என்ற பெயரில் இம்முறை பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவியுள்ளது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993இல் மாணவர்களே தொடங்கிய உணவு வங்கி இவ்வகை முயற்சிகளின் முன்னோடிகளுள் ஒன்று.

இயக்கங்கள் ஊட்டிய உணவு

பசித்த மாணவருக்கு உணவளிப்பதை அரசியல் பணியாகக் கொண்டவர்களுள் முதன்மையானவர்கள் கறுஞ்சிறுத்தைகள். 1969 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், ஒரு தேவாலயக் கூடத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கான இலவசக் காலை உணவை அவர்கள் தொடங்கினர். விரைவிலேயே அது பல நகரங்களுக்குப் பரவியது. எஃப்.பி.ஐ. இயக்குநர் எட்கர் ஹூவர், அக்கட்சியின் ஆயுதங்களைப் போலவே இந்தக் காலை உணவையும் அபாயமாகக் கண்டார். அன்று சோதனை முயற்சியாக மட்டுமே இருந்த அமெரிக்க அரசின் பள்ளிக் காலை உணவுத் திட்டம் 1975இல் நிலையான திட்டமாக்கப்பட்டது. 1972இல் பம்பாயில் உருவான தலித் சிறுத்தைகள் தம் பெயரை எந்த இயக்கத்திடமிருந்து எடுத்துக்கொண்டார்களோ, அந்த இயக்கத்தின் வரலாற்றில் துப்பாக்கிக்கு நிகராகச் சோற்றுத் தட்டுக்கும் இடமுண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

நம் மண்ணிலும் ஒரு படிப்பினை உண்டு. 1920இல் பிட்டி தியாகராயரின் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. மேலும் சில பள்ளிகளுக்கும் விரிந்த அத்திட்டம், ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிடக் கூடாதென ஆங்கிலேய அரசு தடுத்ததால் 1925இல் நின்றது. உள்ளூர் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிய உணவு, மேலிடத்து ஆணை ஒன்றினால் நின்றுபோகும். 1956இல் காமராசர் ஆட்சியும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியும், 2022இல் காலை உணவுத் திட்டத்தின் மூலம் மு.க. ஸ்டாலின் ஆட்சியும் எடுத்த அடிகள் நிலைத்ததற்குக் காரணம், அவை அரசின் வரவு செலவுத் திட்டத்துக்குள் வந்ததே.

இன்றைய இடைவெளிகள்

மாநிலச் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பள்ளி உணவை எட்டாம் வகுப்பு வரையே உரிமையாக்குகிறது. காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோதும், ஐந்தாம் வகுப்பு என்ற எல்லையைத் தாண்டவில்லை. பள்ளி வேலை நாள்கள் ஆண்டில் ஏறத்தாழ 210. எஞ்சிய நாள்களில் கூலி வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிச் சோறு இல்லை. கோடை விடுமுறை என்பது பல வீடுகளில் ஒருவேளை உணவு குறையும் காலம்.

சத்துணவு கைவிடும் அதே வயதில்தான் உடலின் தேவை உச்சத்தில் இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். மேனிலைப் பள்ளியிலும் கல்லூரியின் முதலாண்டுகளிலும் இருக்க வேண்டிய வயது அது.

விடுதி மாணவரின் நிலையும் நெருக்கடியானதே. இன்று சமூக நீதி விடுதிகள் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள ஆதிதிராவிடர் நல விடுதிகளில், 2023இல் உயர்த்தப்பட்ட உணவுப்படி பள்ளி மாணவருக்கு மாதம் 1,400 ரூபாய். மூன்று வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 47 ரூபாய்க்கும் குறைவு.

சமையலறையில் சாதி

பள்ளியில் உணவு வைக்கப்படும் இடமெல்லாம் தீண்டாமை சோதித்துப் பார்க்கப்படும் இடமாகிவிடுகிறது. பள்ளிப் பருவத்தில், குழாயைத் திறந்துவிடப் பணியாள் வராத நாளில் தமக்குத் தண்ணீர் கிடைக்காது என்பதை அம்பேத்கர் எழுதிவைத்துள்ளார். பணியாளும் குழாயும் மாறிவிட்டன, ‘யார் தொட்டது?’ என்ற கேள்வி மாறவில்லை.

சத்துணவுப் பணியாளர் நியமனத்தில் தலித், பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை தர வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆணையிட்டது. ஆனால் 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்புக்குப் பணிந்து தலித் சமையலர் இடமாற்றம் செய்யப்பட்டார். போராட்டத்துக்குப் பின்னரே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2021இல் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்தில் தலித் சமையலரின் உணவை ஆதிக்கச் சாதி மாணவர்கள் புறக்கணித்தனர். 2023இல் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் காலை உணவைக் குழந்தைகள் உண்ணவில்லை என்ற செய்தி வந்தபின், நாடாளுமன்ற உறுப்பினரும் ஆட்சியரும் நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது.

ஆகவே, உணவு வைப்பறை அமைப்போர் பொருள் திரட்டுவதற்கு முன்பே ஒரு முடிவை எழுத்தில் வைக்க வேண்டும்: யார் கையால் வந்த பொருளும் மறுக்கப்படாது, யார் கையால் வழங்குவதும் தடுக்கப்படாது. சேரியிலிருந்து வரும் ஒருபடி வேர்க்கடலையும் அதே அலமாரியில் அதே தட்டில் இருக்க வேண்டும். தலித் மாணவர் பெறுபவராக மட்டும் நிற்கும் வைப்பறை, பழைய படிக்கட்டையே புதிதாகக் கட்டுகிறது.

அமைக்கும் முறை

*இசைவும் குழுவும்.* கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிவுற்ற பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடமுண்டு. அக்குழு இயங்கும் பள்ளிகளில் அதன் தீர்மானத்தோடு தொடங்கினால், தலைமையாசிரியர் மாறினாலும் பணி நிற்காது. மாணவர் குழுவில் சாவியும் கணக்கும் யாரிடம், துடைப்பம் யாரிடம் என்பதைக் கவனியுங்கள். எல்லாப் பொறுப்பும் சுழற்சியில் வர வேண்டும்.

*இடம்.* தலைமையாசிரியர் அறை வேண்டாம். அங்கே சென்று கேட்பது விண்ணப்பமாகிவிடும். நூலகம், உடற்கல்வி அறை போன்று எல்லாரும் வந்துபோகும் இடமே ஏற்றது.

*பொருள்கள்.* எட்டாம் வகுப்பு மாணவரின் மதிய உணவுக்கு அரசின் வரையறை 700 கலோரி, 20 கிராம் புரதம். 50 கிராம் வேர்க்கடலை, 50 கிராம் அவல், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு வாழைப்பழம் ஆகியவை சேர்ந்தால் ஏறத்தாழ 600 கலோரியும் 20 கிராமுக்கு மேல் புரதமும் கிட்டும். அடுப்பும் பெரிதாகத் தேவையில்லை. வார இறுதிக்கு அரிசி, பருப்பு, பொட்டுக்கடலை, வெல்லம் அடங்கிய பைகளை வெள்ளிக்கிழமை வைக்கலாம். மாதவிடாய் அணையாடைகளையும் அதே அலமாரியில் வைப்பது நன்று. முட்டையைத் தவிர்க்கச் சொல்லும் நன்கொடையாளரின் நிபந்தனையை ஏற்க வேண்டியதில்லை. ஒருவருடைய உணவுத் தூய்மைக் கோட்பாட்டை இன்னொரு பிள்ளையின் தட்டில் திணிக்கும் வழி அது.

*பாதுகாப்பு.* மூடியுள்ள தகர டப்பாக்கள், தரையிலிருந்து உயர்த்திய பலகை, முதலில் வந்ததை முதலில் எடுத்தல், காலாவதி நாளை வாரந்தோறும் பார்த்தல் ஆகியவை போதும். வேகவைத்த முட்டை அன்றே தீர வேண்டும். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையைப் பொறுக்கித் தேற்றிக் கொடுக்கக் கூடாது. அதன் நஞ்சு வறுத்தாலும் முழுதாக நீங்காது. வேர்க்கடலையோ முட்டையோ ஒவ்வாதவர்கள் இருப்பதால், பொருளின் பெயரைத் தெளிவாக எழுதி ஒட்டுங்கள்.

*மிச்சம் வேண்டாம்.* மண்டபத்தில் எஞ்சிய விருந்துணவைக் கொண்டுவந்து தருவோர் இருப்பார்கள். கெட்டுப்போகும் அபாயம் ஒருபுறம். மறுபுறம், மிச்சத்தை ஒரு சமூகத்தின் கூலியாகவே வைத்திருந்த வரலாறு நம்முடையது. ஓம்பிரகாஷ் வால்மீகி தம் தன்வரலாற்றுக்கு ‘ஜூத்தன்’, அதாவது எச்சில், எனத் தலைப்பிட்டதன் பொருளை உணர்ந்தவர்கள் அந்தப் பாத்திரத்தைப் பள்ளிக்குள் விடமாட்டார்கள்.

*பெயர்ப் பட்டியல் வேண்டாம்.* சாதிச் சான்றோ, உதவித்தொகைப் பட்டியலோ, ஆசிரியரின் பரிந்துரையோ கேட்கக் கூடாது. ‘உண்மையிலேயே ஏழையா’ என்ற விசாரணை தொடங்கும் நாளில் மிகவும் பசித்தவரே முதலில் வராமல் போவார். எல்லாருக்கும் திறந்திருக்கும் அலமாரியில் சிலர் தேவையின்றி எடுக்கலாம். அந்தச் சிறு இழப்பு, ஒருவரைத் தலைகுனிய வைப்பதைவிட மேலானது. மதிய உணவுக் கட்டணம் பாக்கிவைத்த குழந்தைகளைப் பிறர் முன்னால் இழிவுபடுத்துவதைத் தடுக்க, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2017இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. பொருள் வாங்கும் மாணவரைப் படமெடுப்பதும் நன்கொடையாளரை மேடையேற்றுவதும் அறவே கூடாது.

அலமாரியிலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கு

பெயர் எழுதக் கூடாது. எண்ணிக்கை எழுத வேண்டும். எந்த நாளில் எத்தனை பொட்டலம் போனது, திங்கட்கிழமை காலையில் தேவை கூடுகிறதா, மாதக் கடைசியில் எப்படி என்ற கணக்கு, அந்தப் பள்ளியின் பசியைப் பற்றிய சான்றாகிவிடும். இரண்டு பருவத்துக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, சத்துணவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்கவும், காலை உணவை மேல்வகுப்புகளுக்குக் கொண்டுவரவும், விடுதி உணவுப்படியை விலைவாசியோடு இணைக்கவும் கோரலாம். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், அதற்கான எளிய முதல் வாயில்.

உரிமையாக உள்ள உணவு நிறுத்தப்பட்டால் வழி வேறு. 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகளின்படி, எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவருக்கு ஏதேனும் ஒரு பள்ளி நாளில் உணவு வழங்கப்படாவிட்டால் தானியமும் பணமுமாக உணவுப் பாதுகாப்புப் படி தரப்பட வேண்டும். முறையீடு மாவட்டக் குறைதீர் அலுவலருக்கும், அதன்பின் மாநில உணவு ஆணையத்துக்கும் செல்லும். சமையலர் சாதியின் பேரால் புறக்கணிக்கப்பட்டால், சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கிய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் கைகொடுக்கும். அங்கே சமாதானப் பேச்சுக்கு முன்னால் வழக்குப் பதிவு நடக்க வேண்டும்.

உணவு வைப்பறையால் அரசின் கடமையை ஈடுசெய்ய இயலாது. அப்படி ஈடுசெய்வதாகத் தோன்றினால், அதையே காரணம் காட்டி அரசு ஒதுங்கிக்கொள்ளும். இன்று பசியோடு அமர்ந்திருக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவரால் அரசாணை வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் அலமாரியைத் திறக்கிறோம். அவருடைய தங்கை அந்த வகுப்புக்கு வரும்போது அலமாரியின் தேவை இருக்கக் கூடாது என்பதால் கணக்கை எழுதுகிறோம். இரண்டில் ஒன்றை விட்டாலும் பணி அரைகுறைதான்.