பிரைட்டன் சாலை யாத்திரை

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோர் பல தேசங்களில் சங்கங்கள் அமைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஓரிடத்தில் கூடி, ஒருவர் வண்டியை மற்றவர் கண்டு களித்து, கிடைத்தற்கரிய உதிரிப் பாகங்களையும் அவற்றைவிட அரிதான அனுபவ ஞானத்தையும் பரிமாறிக்கொண்டு கலைவது இன்று சாதாரண வழக்கமாகிவிட்டது. அக்கூட்டங்கள் யாவற்றிலும், வாழ்நாளில் ஒரு முறையேனும் கடல் கடந்து போய்வர வேண்டும் என்று அந்த அபிமானிகள் ஆசைப்படுவது, நவம்பர் மாதத் தொடக்கத்து ஞாயிற்றுக்கிழமையன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்குச் செல்லும் யாத்திரைக்கேயாகும். ஹாலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்தும், நூறாண்டைக் கடந்த வண்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, அறுபது மைல் தூரம் ஓட்டிவிட்டு, மறுபடியும் கப்பலேற்றிக் கொண்டுபோகிறவர்களைக் கண்டு, இவ்வளவு பொருட்செலவும் சிரமமும் எதற்காக என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சாலையின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கோ, அயல்நாட்டாருக்கு அதில் உள்ள பாத்தியதை எவ்வளவு பழமையானது என்பது நன்கு தெரியும்.

மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே அதற்கு விலங்கு பூட்டி வைத்த தேசம் இங்கிலாந்து. கனத்த நீராவி எஞ்சின்கள் நாட்டுப்புறச் சாலைகளில் ஊர்ந்து சென்றபோது, குதிரைகள் மிரளுகின்றன, பாலங்கள் அதிருகின்றன, பாதைகள் சிதைகின்றன என்று எழுந்த முறையீடுகளுக்குச் செவிசாய்த்து, பார்லிமெண்டு 1865-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. குதிரை பூட்டாமல் இயந்திரத்தால் ஓடும் எந்த வாகனமும் வெளிச்சாலைகளில் மணிக்கு 4 மைலுக்கும், ஊருக்குள் 2 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் போகலாகாது. மூவர் அதை நடத்த வேண்டும். அவர்களுள் ஒருவர் சிவப்புக் கொடி ஏந்தி 60 கெஜம் முன்னதாக நடந்து செல்ல வேண்டும் என்பது அதன் விதி. 1878-இல் கொடியின் கட்டாயம் நீங்கிற்றேயொழிய, முன்னால் நடந்து செல்லும் ஆள் நீங்கவில்லை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் தம் மூன்று சக்கர வண்டிக்கு உரிமைப் பத்திரம் பெற்று, அடுத்த சில ஆண்டுகளில் பிரான்ஸில் பான்ஹாரும் பியூஜோவும் வண்டிகளைச் செய்து விற்கத் தொடங்கி, 1894-இல் பாரிஸிலிருந்து ருவான் நகரம் வரை ஒரு பெரிய பரீட்சை ஓட்டமே நடந்து முடிந்த பிறகும், நீராவி யுகத்தின் தாயகமாகிய இங்கிலாந்தில் பெட்ரோல் வண்டி ஒன்று, நடக்கும் மனிதனின் முதுகைப் பார்த்துக்கொண்டே நகர வேண்டியிருந்தது.

ஆகவே அங்கே முதலில் ஓடியவை பெரும்பாலும் கடல் கடந்து வந்த வண்டிகளே. எவிலின் எல்லிஸ் என்னும் பிரபு குலத்தவர் பாரிஸில் பான்ஹார்-லெவாஸர் கம்பெனியாரிடம் ஒரு வண்டி செய்யச் சொல்லி, அதைக் கப்பலில் வரவழைத்து, 1895 ஜூலை மாதத்தில் மிக்கல்டெவர் ரயில் நிலையத்திலிருந்து டாட்செட் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்துக்கு, 56 மைல் தூரத்தை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் ஓட்டிச் சென்றார். உடன் சென்ற பிரெடரிக் ஸிம்ஸ் அந்தப் பிரயாணத்தை எழுதி வைத்தார். வழியில் எதிர்ப்பட்ட 133 குதிரைகளுள் இரண்டு சிறிய மட்டக் குதிரைகளுக்கு மட்டுமே இந்தப் புதுமை பிடிக்கவில்லை என்று அவர் கணக்குச் சொல்லியிருப்பது, முப்பதாண்டுக் காலம் ஒரு தேசத்தைக் கட்டிப்போட்ட அச்சத்துக்கு அளிக்கப்பட்ட மிக அடக்கமான மறுமொழி என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கென்ட் மாகாணத்துப் பாடக் வுட் என்னும் ஊரில் வால்டர் ஆர்னல்டு என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் போனதற்காக, சைக்கிளில் துரத்தி வந்த ஒரு போலீஸ்காரரால் பிடிக்கப்பட்டு அபராதம் கட்டினார்.

கடைசியில் சட்டம் தளர்ந்தது. 1896-ஆம் ஆண்டுச் சட்டம், இலகுவான வண்டிகளுக்கு முன்னால் ஆள் நடக்க வேண்டும் என்ற விதியை நீக்கி, வேகத்தின் எல்லையை 14 மைலாக உயர்த்தியது; நிர்வாக அதிகாரிகள் அதையும் 12 மைலாகக் குறைத்தே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அது அமலுக்கு வந்த நவம்பர் 14-ஆம் தேதி சனிக்கிழமையன்றே, விடுதலையைக் கொண்டாடும் முகமாக, ஹாரி லாஸன் என்பவர் தம் மோட்டார் கார் கிளப்பின் பேரில் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை ஓர் ஊர்வலத்தை ஏற்பாடு செய்தார். இந்த லாஸனைப் பற்றிச் சரித்திரம் இரு மனப்பட்டே பேச வேண்டியிருக்கிறது. சைக்கிள் உலகில் பேரெடுத்தவர். டெய்ம்லர் உரிமைகளை வாங்கிக் கவென்ட்ரி நகரில் தொழிற்சாலை எழக் காரணமானவர். அதே சமயம் கம்பெனிகளின் மேல் கம்பெனிகளை அடுக்கிப் பங்குகளை விற்றுப் பெரும் பொருள் திரட்டி, 1904-இல் மோசடிக் குற்றத்துக்காகக் கடுங்காவல் தண்டனை அடைந்தவர். ஆனாலும் ஒரு தேசத்தின் மனப்பான்மையை ஒரே பகலில் மாற்ற வேண்டுமானால், கட்டுரைகளும் மனுக்களும் போதா, ஜனங்கள் கண்ணால் காணும் ஒரு காட்சி வேண்டும் என்று அறிந்திருந்த அவருடைய கூர்மையை எவரும் மறுக்க முடியாது.

அன்று காலை நடந்த சிற்றுண்டி விருந்தில் வின்சில்ஸீ பிரபு ஒரு சிவப்புக் கொடியை எல்லோர் முன்னிலையிலும் கிழித்தெறிந்தார். பிறகு, முப்பதுக்குச் சற்று மேற்பட்ட வண்டிகள் மழையும் சேறும் நிறைந்த நவம்பர்க் குளிரில் கிளம்பின. அவற்றின் ஜாதகத்தைப் பார்த்தால் இங்கிலாந்தில் பிறந்தவை மிகச் சிலவே. பிரான்ஸிலிருந்து லியோன் பொல்லேயின் தாழ்வான முச்சக்கர வண்டிகள், பாரிஸ்-மார்செயில் பந்தயத்தில் அடிபட்டுப் பழகிய பான்ஹார் வண்டிகள், ஜெர்மனியிலிருந்து பென்ஸ், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்து சமுத்திரம் தாண்டி வந்த இரண்டு துர்யே வண்டிகள். தம் சொந்தச் சாலை திறந்துவிடப்பட்ட நாளில் ஆங்கிலேயர்கள் பார்த்துக் கைதட்டியது பெரும்பாலும் பிறநாட்டுச் சரக்கைத்தான்.

அந்தப் பிரயாணம் எத்தகையது என்பதை அறிய, அக்காலத்து எஞ்சினின் ஒரே ஓர் உறுப்பை நெருங்கிப் பார்த்தால் போதும். மின்பொறியால் பெட்ரோல் ஆவியைக் கொளுத்தும் முறை அப்போது நம்பத்தக்கதாக இருக்கவில்லை. ஆதலால் பல வண்டிகளில் சிலிண்டரின் தலைப்பக்கத்தில் விரல் பருமனில் ஒரு பிளாட்டினக் குழாயைப் பொருத்தி, அதன் வெளிமுனையை ஒரு சிறு பெட்ரோல் விளக்கின் சுடரால் இடைவிடாமல் காய்ச்சிச் செந்தழலாக வைத்திருப்பார்கள். பிஸ்டன் ஏறி ஆவியை அழுத்தும்போது அது குழாய்க்குள் புகுந்து தீப்பற்றும். சுடர் தளர்ந்தால் எஞ்சின் நிற்கும். மழைச் சாரலும் எதிர்க்காற்றும் அடித்தால் சுடர் அணையும். மறுபடி ஏற்றுவதற்கு, பெட்ரோல் தொட்டியின் பக்கத்திலேயே நெருப்புக்குச்சியைக் கிழித்துக்கொண்டு நனைந்த சாலையில் மண்டியிட வேண்டும். இந்த நிலையில் ஐம்பது மைலுக்கு மேல், இடையில் ரெய்கேட்டில் பகலுணவுக்கு நின்று, தெற்குக் குன்றுகளின் மேடுகளைக் கடந்து, இருட்டும் வேளையில் பிரைட்டனை அடைந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அன்றைய பத்திரிகைகளே ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. முதலில் வந்தது பொல்லே வண்டியே என்று விழாக்காரர்களும், தங்களுடையதே என்று துர்யே கம்பெனியாரும் சாதித்தார்கள். மின்சார வண்டி ஒன்று ரயிலில் வந்திறங்கி, சேற்றை வாரிப் பூசிக்கொண்டு ஊர்வலத்தில் சேர்ந்தது என்ற கதையும் வெகுகாலமாக வழங்கி வருகிறது.

அதன் பிறகு முப்பது ஆண்டுகள் இதைப் பற்றி ஒருவரும் பெரிதாக நினைத்துப் பார்க்கவில்லை. முதல் மகாயுத்தம் முடிந்து, மோட்டார் வண்டி அன்றாடப் பொருளாகிவிட்ட காலத்தில், பழையவை இரும்புக் கடைக்குத்தான் போயின. பண்ணைக் கொட்டகைகளிலும் வேலியோரங்களிலும் துருப்பிடித்துக் கிடந்தவை தப்பிப் பிழைத்தவை. 1927-இல் 'டெய்லி ஸ்கெட்ச்' பத்திரிகை பழைய ஊர்வலத்தின் ஞாபகார்த்தமாக அதே சாலையில் ஓர் ஓட்டத்தை நடத்தியபோது, பார்த்தவர்களில் பலர் சிரிப்பதற்காகவே வந்தார்கள். 1930-இல் ராயல் ஆட்டோமொபைல் கிளப் அதன் பொறுப்பை ஏற்றது; அதே ஆண்டில் பிரைட்டனிலுள்ள ஓல்டு ஷிப் ஹோட்டலில் வெடரன் கார் கிளப் உருவாயிற்று. அந்தச் சங்கத்தாரின் தொண்டில் நான் மிகவும் போற்றுவது, வண்டிகளின் வயதை நிர்ணயிக்க அவர்கள் மேற்கொண்ட கண்டிப்பு. எஞ்சினின் எண், அடிச்சட்டத்தின் அமைப்பு, பழைய விலைப்பட்டியல்களிலுள்ள சித்திரங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, உடையவர் சொல்லும் குடும்பக் கதையை ஒதுக்கி வைத்து, இது இன்ன ஆண்டில் செய்தது என்று அவர்கள் எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. 1904-ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்ட வண்டிக்கே பிரைட்டன் யாத்திரையில் இடம் என்ற விதி இருப்பதால், ஒரே ஆண்டு வித்தியாசம் ஒரு வண்டியின் தலையெழுத்தையே மாற்றிவிடுகிறது.

அந்த எல்லைக்கு உட்பட்ட ஆண்டுகளே மோட்டார்த் தொழிலின் சிந்தனை மிகச் செழித்த காலம். நீராவி வெல்லுமா, மின்சாரம் வெல்லுமா, பெட்ரோல் வெல்லுமா என்று அன்று யாருக்கும் நிச்சயமில்லை. படகின் சுக்கானைப் போன்ற பிடியால் திருப்பப்படும் ஓல்ட்ஸ்மொபீலும், சங்கிலியால் ஓடும் பான்ஹாரும், ஒற்றைச் சிலிண்டரோடு சளைக்காமல் உழைக்கும் தெதியோன்-பூத்தோனும், கொதிகலனுக்கு அடிக்கடி தண்ணீர் கேட்கும் நீராவி வண்டியும் ஹைடு பார்க்கில் விடியற்காலையில் வரிசையாக நிற்கும்போது, ஒரே கேள்விக்குப் பல தேசத்து அறிஞர்கள் எழுதிய விடைகள் அனைத்தையும் ஒருங்கே காணலாம். பொருட்காட்சிச் சாலையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் வண்டி அதன் உருவத்தை மட்டுமே காட்டும். மேட்டில் அது எப்போது மூச்சு வாங்கும், எண்ணெய்ச் சொட்டை எந்த அளவுக்குத் திறக்க வேண்டும், ஈரச் சாலையில் அதன் தடையைக் கையால் பிடிப்பதா காலால் பிடிப்பதா என்பன போன்ற ஞானம், ஓட்டும் மனிதரிடமிருந்து ஓட்டக் கற்கும் மனிதருக்கு நேரில்தான் போகும். கடல் கடந்து வருவோர் பெறுவதும் கொடுப்பதும் முக்கியமாக இதையே. ஊரில் ஒரே ஒரு தெதியோன் வைத்திருப்பவர், அதன் உடன்பிறப்புகள் பலவற்றை ஒரே காலையில் இங்கே சந்திக்கிறார்.

இது பந்தயமன்று என்பதும் கவனிக்கத்தக்கது. சராசரி வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்டக் கூடாது. மாலை நாலரை மணிக்குள் பிரைட்டனை அடைந்தவர்கள் அனைவருக்கும் ஒரே மாதிரிப் பதக்கம். ஆதலால் வழியில் நின்றுவிட்ட வண்டிக்காரருக்கு அருகே சக யாத்திரிகர் ஒருவர் வண்டியை நிறுத்திக் கருவிப்பெட்டியைத் திறப்பது, அங்கே இயல்பான காரியம்.

வண்டியோடு தேசம் கடப்பது ஆங்கிலேயருக்கும் புதிதன்று. 1899-இல் ஜான் மான்டேகு தம் டெய்ம்லரைப் பிரான்ஸுக்குக் கொண்டுபோய்ப் பாரிஸ்-ஆஸ்டெண்டு பந்தயத்தில் ஓட்டினார். 1954-இல் அமெரிக்க அபிமானிகள் தம் வண்டிகளைக் கப்பலேற்றி வந்து, எடின்பரோவிலிருந்து தென்கோடிவரை ஆங்கிலேயரோடு சேர்ந்து ஓட்டினார்கள். இத்தகைய பிரயாணத்தில் எஞ்சினைவிட அதிகத் தொல்லை கொடுப்பவை காகிதங்களே. இந்த வண்டியை விற்க மாட்டேன், வந்தபடியே திரும்பக் கொண்டுபோவேன் என்று சுங்க அதிகாரிக்கு உறுதி கூறும் பத்திரமும், அதற்கு ஈடாகக் கட்டும் தொகையும், மரச்சட்டங்களுக்குள் வண்டியை அசையாமல் கட்டி வைப்பதும், எல்லாம் உடையவர் தலையில்தான் விடிகின்றன.

இந்த யாத்திரையை உலகறியச் செய்தது 1953-இல் ஹென்றி கார்னீலியஸ் இயக்கி வெளிவந்த 'ஜெனவீவ்' என்னும் திரைப்படம். லண்டனிலிருந்து பிரைட்டன் போய்த் திரும்பும் இரு நண்பர்களின் கதை அது. அதைப் பார்த்த பிறகு, இங்கிலாந்தில் மட்டுமின்றிப் பல நாடுகளிலும் கொட்டகைகளில் கிடந்த பழைய வண்டிகளுக்கு மதிப்பு ஏறியது. ஜெனவீவ் என்று படத்தில் பெயர் பூண்ட தாராக் வண்டி பாரிஸை அடுத்த சூரென் நகரத்துத் தொழிற்சாலையில் பிறந்தது. லண்டனில் சிதைந்து கிடந்து புத்துயிர் பெற்றது. பின்னர் கடல் கடந்து ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் இருந்தது. 1990-களில் மறுபடியும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, இப்போது ஹாலந்தில் ஹேக் நகரத்து லாவ்மன் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது.