தொட்டிலும் சட்டமும்: பிள்ளைப்பேறு யாருடைய முடிவு?



எத்தனை பிள்ளைகள், எப்போது, எவ்வளவு இடைவெளியில் என்பவை கணவனும் மனைவியும் கலந்து முடிவு செய்ய வேண்டியவை. ஆயினும் நம் நாட்டில் கடந்த எழுபது ஆண்டுகளாக இந்த முடிவில் அரசும் சட்டமன்றமும் நீதிமன்றமும் பங்கு கேட்டு வருகின்றன. சில வேளைகளில் அந்தத் தலையீடு உயிர்களைக் காத்தது. சில வேளைகளில் மனிதரின் கண்ணியத்தைப் பறித்தது. இரண்டையும் பிரித்தறிய வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

காவிரிக் கரையில் மோகனூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 1997 ஆம் ஆண்டு நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை நம் ஊர் பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992 இல் முதன்முதலாகத் தொடங்கியது அந்தச் சேலம் மாவட்டத்தில்தான்.

அறியாமைக் காலமும் ஆணும் பெண்ணும் தந்த உறுதிமொழியும்

நபி (ஸல்) அவர்கள் தூதராக அனுப்பப்படுவதற்கு முன்பு அரபுக் குலங்கள் சிலவற்றில் பெண் குழந்தைகளை உயிரோடு புதைக்கும் கொடுமை இருந்தது. இதற்கான காரணங்களாக இரண்டைத் திருக்குர்ஆன் எடுத்துக்காட்டுகிறது. ஒன்று வறுமை, மற்றொன்று வெட்கம். பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்து, ஊரார் கண்ணில் படாமல் ஒளியும் தந்தையை அந்நஹ்ல் அத்தியாயம் (16:58, 59) படம்பிடிக்கிறது. வறுமையைப் பற்றி இரண்டு இடங்களில் எச்சரிக்கை வருகிறது. ஏற்கெனவே வறுமையில் இருப்பவனிடம் பேசும்போது (6:151) பெற்றோருக்கான வாழ்வாதாரம் முதலில் சொல்லப்படுகிறது. வறுமை வந்துவிடுமோ என அஞ்சுபவனிடம் பேசும்போது (17:31) பிள்ளைகளுக்கான வாழ்வாதாரம் முதலில் சொல்லப்படுகிறது. இந்த வரிசை மாற்றத்தின் நுட்பத்தை விரிவுரையாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

அந்த இருண்ட காலத்திலும் ஒரு மனிதர் தொட்டிலை நீட்டினார். ஸைத் பின் அம்ர் பின் நுஃபைல் என்பவர், மகளைக் கொல்லத் துணிந்த தந்தையிடம் சென்று, அவளைக் கொல்ல வேண்டாம், செலவைத் தாமே ஏற்பதாகக் கூறி வாங்கிச் செல்வார். அவள் வளர்ந்த பின், விரும்பினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், இல்லையேல் தாமே பராமரிப்பதாகத் தந்தையிடம் தெரிவிப்பார். அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

ஸைத் ஒருவராக நின்று செய்ததை இஸ்லாம் சமுதாயத்தின் சட்டமாக்கியது. அது யாரிடம் உறுதிமொழி வாங்கியது என்பதையும் கவனிக்க வேண்டும். பிள்ளைகளைக் கொல்ல மாட்டோம் என்ற உறுதிமொழி நபியிடம் பைஅத் செய்ய வரும் பெண்களுக்கு விதிக்கப்பட்டதை அல்மும்தஹினா அத்தியாயம் (60:12) கூறுகிறது. அதே உறுதிமொழியை ஆண்களிடமும் நபி (ஸல்) அவர்கள் பெற்றதை உபாதா பின் ஸாமித் (ரலி) அறிவிக்கிறார். பெண்ணுக்கு ஒரு சட்டம், ஆணுக்கு வேறொரு சலுகை என்று இங்கே இல்லை. பொறுப்பு இருவர் மீதும் சமமாக வைக்கப்பட்டது. நம் நாட்டின் பிற்காலச் சட்டங்களை உரசிப் பார்க்க இதுவே உரைகல்.

ஆண்கள் மீது பாய்ந்த கட்டாயம்

1952 இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்றது. 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநில அரசு, கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழை ஆண்களுக்கு ரொக்கம் வழங்கும் முறையைத் தொடங்கியது. பசித்தவன் முன் பணத்தை வைத்துவிட்டுப் பெறும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

நெருக்கடி நிலையின்போது ஊக்கத்தொகை கட்டாயமாக மாறியது. 1976 ஏப்ரலில் வெளியான தேசிய மக்கள்தொகைக் கொள்கை, விரும்பும் மாநிலங்கள் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றிக்கொள்ள வழிவிட்டது. மகாராஷ்டிரச் சட்டமன்றம் அத்தகைய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமையால் அது சட்டமாகவில்லை. ஆனால், சட்டம் இல்லாமலேயே கட்டாயம் நடந்தது. ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆள்பிடிக்கும் இலக்கு வைக்கப்பட்டது. ஹரியானாவில் மேவ் முஸ்லிம்கள் வாழும் உத்தாவர் கிராமத்தை 1976 நவம்பரில் காவல்துறை சுற்றிவளைத்து, ஆண்களைப் பிடித்துச் சென்று, நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு அறுவை செய்தது.

1976-77 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சுமார் 82 லட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அறுவையோடு தொடர்புடைய 1,774 மரணங்களையும், மணமாகாதவர்களுக்கும் அறுவை செய்யப்பட்டதாக 548 புகார்களையும் ஷா விசாரணை ஆணையம் பதிவு செய்தது. 1977 தேர்தலில் மக்கள் அளித்த தீர்ப்பு அனைவரும் அறிந்ததே.

பாரம் பெண்களின் பக்கம் சாய்ந்தது

அதன்பின் திட்டத்தின் பெயர் குடும்ப நலம் என மாறியது. ஆண்களைத் தொட அரசுகள் அஞ்சின. பாரமோ மறையவில்லை, பெண்கள் மீது இறங்கியது. 2019-21 இன் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் கருத்தடை அறுவை வெறும் 0.3 விழுக்காடு. இத்தனைக்கும் ஆணுக்கான அறுவையே எளியது, ஆபத்துக் குறைந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்த முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. பதின்மூன்று பெண்கள் இறந்தனர். இத்தகைய முகாம்களை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2016 இல் ஆணையிட்டது.

நம் சேலம் மாவட்டத்தில் இந்தப் பாரம் வேறு வடிவில் வந்தது. குடும்பம் சிறிதாக இருக்க வேண்டும், அதில் ஆண் பிள்ளை இருந்தே ஆக வேண்டும், நிலம் பிரியக் கூடாது, பெண்ணுக்கு வரதட்சணை தர வழியில்லை என்ற எண்ணங்கள் ஒன்றுசேர்ந்தபோது பலியானவள் பெண் குழந்தை. கள்ளிப்பால் என்ற சொல்லுக்கே ஒரு கொடிய பொருள் ஏறியது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழகம் முழுமைக்கும் 948 பெண் குழந்தைகள் இருந்தனர். சேலம் மாவட்டத்திலோ 849 பேர் மட்டுமே.

அவ்வேளையில் அரசு மூன்று வழிகளைக் கையாண்டது. முதலாவது தொட்டில். வேண்டாத குழந்தையைக் கொல்லாமல் தாருங்கள் என்று அரசு கேட்டது. ஸைத் பின் அம்ர் கேட்டதும் ஏறத்தாழ இதுவே. ஆயிரக்கணக்கான உயிர்கள் இதனால் பிழைத்தன. அதற்கு நன்றி பாராட்டுவது நம் கடமை. ஆனால், குழந்தையை ஒப்படைத்த தாயின் வேதனையையும், ஒப்படைக்க வைத்த குடும்பத்தின் மனத்தையும் தொட்டில் மாற்றவில்லை.

இரண்டாவது தண்டனை. கொலை வழக்குகள் பதிவானபோது பெரும்பாலும் சிக்கியவர்கள் தாய்மாரும் பாட்டிமாருமே. மகன் வேண்டும் என்று நெருக்கிய தந்தை பல வேளைகளில் வெளியே நின்றான். உறுதிமொழி இருவருக்கும் உரியது என்ற நீதி இங்கே தவறியது.

மூன்றாவது பணம். 1992 இல் தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில், ஆண் வாரிசு இல்லாத ஏழைப் பெற்றோரின் மகள் பெயரில் அரசு வைப்புத்தொகை செலுத்துகிறது. பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெண் பிள்ளைக்கு உதவுவது நன்மையே. ஆனால், மகளின் உதவித்தொகைக்கு விலையாகப் பெற்றோரின் கருவளத்தைக் கேட்பது, சென்னை மாநிலத்தின் பழைய ரொக்க முறையின் நிழலே.

இதற்கிடையில் ஸ்கேன் கருவி வந்தது. பிறந்த பின் நடந்தது பிறக்கும் முன்பே நடக்கத் தொடங்கியது. கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டு, 2003 இல் கடுமையாக்கப்பட்டது. இது உயிரைக் காக்கும் சட்டம். முஸ்லிம்களாகிய நாம் இதற்குத் தயக்கமின்றித் துணைநிற்க வேண்டும்.

இரண்டு பிள்ளைச் சட்டங்கள்

மற்றொரு வகைச் சட்டமும் உண்டு. இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்றவர் ஊராட்சிப் பதவிக்குத் தகுதியற்றவர் என ஹரியானா வகுத்த விதியை 2003 இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மத உரிமை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. அதிகப் பிள்ளைகள் பெறுவது மார்க்கத்தில் அனுமதியே தவிரக் கட்டாயக் கடமை இல்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. மார்க்க உரிமை ஒருபுறமிருக்க, குடும்ப முடிவுகளைத் தன் விருப்பப்படி எடுக்க இயலாத ஒரு பெண்ணுக்கு இவ்விதி என்ன நீதி செய்யும்? கணவனின் முடிவுக்கு அவள் பதவியை இழப்பாள். ஹரியானா 2006 இல் அவ்விதியைக் கைவிட்டது. ஆந்திரமும் இத்தகைய விதியை 2024 இல் நீக்கியது. இப்போது அங்கே பிள்ளைகள் போதவில்லை என்ற கவலை எழுந்துள்ளது. நேற்று குறை என்றவர்கள் இன்று பெருக்கு என்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் மாறாதிருப்பது, ஒரு பெண்ணின் உடல் எண்ணிக்கைக் கணக்காகப் பார்க்கப்படுவதுதான்.

மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடு

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி எடுத்த தீர்மானம் நம் குடும்பங்கள் அறிய வேண்டியது. பிள்ளை பெறுவதில் தம்பதியரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் இயற்றுவது கூடாது. தக்க நிர்ப்பந்தம் இன்றி ஆணின் அல்லது பெண்ணின் கருவளத்தை நிரந்தரமாக அழிப்பது ஹராம். தீங்கில்லாத வழிகளில், இருவரும் ஆலோசித்து மனமொப்பி, தற்காலிகமாக இடைவெளி விடலாம். இவையே அதன் சாரம்.

இது புதிய கருத்து அன்று. திருக்குர்ஆன் இறங்கிய காலத்தில் நபித்தோழர்கள் அஸ்ல் செய்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார். அதற்கு மனைவியின் சம்மதம் வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், மனைவியின் உடல்நலம் காத்தல் போன்ற பல நோக்கங்களுக்காக அஸ்லை அனுமதித்தார்கள். பெண் பிள்ளை பிறந்துவிடுமோ என்ற அச்சத்தால் செய்வதைக் கெட்ட எண்ணம் என்று கண்டித்தார்கள். செயல் ஒன்றே; எண்ணம் அதன் தீர்ப்பை மாற்றியது.

கருக்கலைப்பு இதனினும் கனமானது. உயிர் ஊதப்படும் 120 நாட்களுக்குப் பின், தாயின் உயிருக்கு ஆபத்து என்பதன்றி அனுமதி இல்லை. அதற்கு முன்பும் தக்க காரணம் வேண்டும் என்பதே பேணுதலான நிலை. நாட்டின் 1971 ஆம் ஆண்டுச் சட்டமும் 2021 ஆம் ஆண்டுத் திருத்தமும் 20, 24 வாரங்கள் வரை வழிவிடுகின்றன. சட்டம் அனுமதிப்பதாலேயே ஒன்று நமக்கு ஹலால் ஆகிவிடாது. அதே வேளையில், ஆபத்தான நிலையில் உள்ள பெண்ணை மார்க்கத்தின் பெயரால் தாமதப்படுத்துவதும் பாவமே. மருத்துவரையும் ஆலிமையும் உடனே கலந்து கொள்ளுங்கள்.

நம் இல்லங்களில்

நம் சமுதாயத்தில் சிசுக்கொலை இல்லை என்று பெருமை கொள்வது எளிது. ஆனால், கைக்கூலி நம் மஹல்லாக்களில் இல்லையா? மூன்றாவதும் பெண்ணா என்று பிரசவ அறையின் வாசலில் பெருமூச்சு எழுவதில்லையா? பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம், கணவனும் மாமியாரும் முடிவு செய்துவிட்ட கருத்தடைப் படிவத்தை நீட்டுவதில்லையா? அந்நஹ்ல் அத்தியாயம் சொல்லும் கறுத்த முகம் அறியாமைக் காலத்தோடு மறைந்துவிடவில்லை.

குழந்தைக்குப் பால் நிறுத்துவதைக்கூட இருவரின் மனமொப்பிய ஆலோசனையோடு செய்யுமாறு அல்பகரா அத்தியாயம் (2:233) வழிகாட்டுகிறது. பால் மறக்கடிக்கவே ஆலோசனை வேண்டுமெனில், கருவில் தாங்கவும் தவிர்க்கவும் எவ்வளவு வேண்டும்! எனவே, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே கணவனும் மனைவியும் அமர்ந்து பேசுங்கள். மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து செல்லுங்கள். இடைவெளிக்கான தற்காலிக வழிகளில் ஆணும் தன் பங்கை ஏற்கட்டும். ஜமாஅத்தார் கைக்கூலி வாங்கும் நிக்காஹ்வை நடத்த மறுக்கட்டும். பெண் பிள்ளையைக் காக்க அரசால் தொட்டில்தான் வைக்க முடியும். அவளை மகிழ்வோடு வரவேற்கும் மடியை நாம்தான் தர வேண்டும்.

பெண் மக்களை அன்போடு வளர்த்து ஆளாக்கி, நபி (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறிய சுவனத்தை அடையும் பெற்றோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.