கட்டளை இல்லாத கூட்டு: செர்ன் கூட்டாய்வுகளின் அமைப்பு வளர்ந்த வரலாறு

2015 மே மாதம் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் ஹிக்ஸ் துகளின் நிறையை அளவிட்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. மொத்தம் 33 பக்கங்கள். ஆய்வு 9 பக்கங்களில் முடிந்துவிடுகிறது. மீதி 24 பக்கங்களும் ஆசிரியர்களின் பெயர்களும் அவர்களுடைய நிறுவனங்களும்தான். ஆசிரியர்கள் 5,154 பேர். அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரு கூட்டாய்வுகளையும் சேர்ந்த இவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் தருவது ஐரோப்பிய நாடுகளின் பொது ஆய்வகமான செர்ன் அல்ல. அவரவர் நாட்டுப் பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோதான். ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் கூட்டாய்வின் தலைமைக்கு இல்லை. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கருவிகள் உரிய இடத்தில் வந்து பொருந்தின.

இது எப்படி நடந்தது? செர்னின் வரலாற்றில் மூன்று வகை ஆவணங்கள் உண்டு: அரசுகளின் உடன்படிக்கை, நிறுவனங்களின் புரிந்துணர்வு ஒப்பந்தம், கட்டுரையின் ஆசிரியர் பட்டியல். சட்ட வலு மிகக் குறைந்த கடைசி ஆவணமே நடைமுறையில் ஆய்வாளரை மிக நெருக்கமாகக் கட்டிவைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. அரசுகள் எழுதியது

1949 டிசம்பரில் லோசான் நகரில் கூடிய ஐரோப்பியப் பண்பாட்டு மாநாட்டில், பொது ஆய்வகம் ஒன்று வேண்டும் என்ற பிரெஞ்சு இயற்பியலர் லூயி தெ பிராய்யின் முன்மொழிவு வைக்கப்பட்டது. மறு ஆண்டு ஃபிளாரன்ஸில் நடந்த யுனெஸ்கோ பொதுமாநாட்டில் அமெரிக்க இயற்பியலர் இசிடோர் ராபி அதற்குத் தீர்மான வடிவம் கொடுத்தார். 1953 ஜூலை 1 அன்று பாரிஸில் இறுதி செய்யப்பட்ட செர்ன் உடன்படிக்கை, 1954 செப்டம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதன் விதிகள் எளியவை. ஒவ்வொரு நாடும் தன் தேசிய வருமானத்துக்கு ஏற்பப் பணம் கட்ட வேண்டும். வாக்கு மட்டும் நாட்டுக்கு ஒன்று. செர்னை ஆளும் பேரவையில் நாட்டுக்கு இரண்டு பிரதிநிதிகள். வழக்கத்தில் ஒருவர் அரசு தரப்பு, மற்றவர் அறிவியல் தரப்பு. இராணுவத் தேவைக்கான பணி கூடாது. முடிவுகளை வெளிப்படையாக வெளியிட வேண்டும். முடுக்கியைக் கட்டவும் ஆய்வகத்தை நடத்தவும் இவ்வளவு போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த முடுக்கியில் சோதனை செய்ய வருகிற பல நாட்டு ஆய்வாளர்கள் தமக்குள் எப்படிச் சேர்ந்து இயங்குவது என்பதை உடன்படிக்கை வகுக்கவில்லை. அடுத்த அரை நூற்றாண்டின் அமைப்பு வரலாறு இந்த வெற்றிடத்தில்தான் வளர்ந்தது.

2. தலைவரின் காலம்

தொடக்கத்தில் பிரச்சினை பெரிதாக இல்லை. 1973இல் நடுநிலை ஓட்டங்களைக் கண்டறிந்த கார்கமெல் குழுவில் ஏழு ஆய்வகங்கள் இருந்தன. ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பேசி முடிக்கக்கூடிய அளவு. 1983இல் டபிள்யூ துகளைக் கண்ட யு.ஏ.1 குழுவில் சுமார் 130 பேர். கார்லோ ரூபியா என்ற ஒரு மனிதரின் வேகத்திலும் பிடிவாதத்திலும் அது ஓடியது. 1984 நோபல் பரிசு அவருக்கும் சைமன் வான் டெர் மீருக்கும் கிடைத்தது. 1989இல் இயங்கத் தொடங்கிய லெப் முடுக்கியின் நான்கு சோதனைகளில் குழுக்கள் சில நூறு பேராகப் பெருத்தன. அவற்றில் எல்3 குழு சாமுவேல் டிங் என்ற தலைவரின் பெயரோடு சேர்த்தே அறியப்பட்டது. நூறு பேரைத் தலைவர் ஒருவர் தோளில் தூக்கிச் செல்லலாம். ஆயிரம் பேரை முடியாது.

3. கட்டுப்படுத்தாத ஒப்பந்தம்

1993 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் டெக்சாஸில் ஓரளவு தோண்டிய பெருமுடுக்கித் திட்டத்தைக் கைவிட்டது. ஒரே நாட்டின் கருவூலத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். 1994 டிசம்பரில் செர்ன் பேரவை பெரும் ஹாட்ரான் மோதுவிக்கு ஒப்புதல் தந்தபோது, அட்லஸ், சி.எம்.எஸ். போன்ற சோதனைக் கருவிகளின் செலவில் பெரும்பகுதியைப் பங்கேற்கும் நாடுகளே ஏற்பது என்றானது.

இதற்கான கருவி புரிந்துணர்வு ஒப்பந்தம். தன்னைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத ஆவணம் என்று அது தானே சொல்லிக்கொள்கிறது. அதில் பங்களிப்பு பெரும்பாலும் பணமாக அல்ல, பொருளாக எழுதப்பட்டது. காரணம் நடைமுறை சார்ந்தது: நிதியமைச்சகங்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தயங்கும், உள்ளூர்த் தொழிற்சாலையில் செலவிட அவ்வளவு தயங்குவதில்லை.

விளைவுகளில் சில வியப்பூட்டுபவை. சி.எம்.எஸ். கருவியின் இரு முனைகளிலும் உள்ள, துகள்களின் ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டருக்குப் பித்தளை தேவைப்பட்டது. ரஷ்யக் கடற்படையின் கிடங்கிலிருந்த, இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு உறைகள் பத்து லட்சத்துக்கும் மேல் அதற்காக உருக்கப்பட்டன. முடுக்கியிலும் இதே முறை கையாளப்பட்டது. சுரங்கத்தில் உள்ள 1,232 இருமுனைக் காந்தங்களும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் எடை கொண்டவை. ஒவ்வொன்றும் மூன்று ஜாக்கிகளின் மேல் நிற்கிறது. லாரியைத் தூக்கும் ஜாக்கிக்கு உறவுதான். ஆனால் இது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குக் காந்தத்தை நகர்த்தி நிறுத்தும். அந்த ஜாக்கிகளில் ஏறத்தாழ 7,000 இந்தியாவிலிருந்து போனவை. அனுப்பிய பொருள்களின் மதிப்பில் பாதியைச் செர்ன் ‘இந்திய நிதி’ என்ற கணக்கில் வைத்தது. இந்திய ஆய்வாளர்கள் அங்கே சென்று பணியாற்றும் செலவுக்கு அது உதவியது. இந்தியா 2017இல் இணை உறுப்பு நாடாயிற்று.

4. பெயர் என்னும் நாணயம்

வழக்குத் தொடுக்க முடியாத ஒப்பந்தத்தை எது காப்பாற்றியது? ஆண்டுக்கு இருமுறை நிதி நிறுவனங்களின் பிரதிநிதிகள் கூடிக் கணக்கைப் பார்க்கிறார்கள். அட்லஸில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வாக்குள்ள கூட்டாய்வுக் குழு, தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. அவருடைய பதவிப்பெயர் ‘இயக்குநர்’ அல்ல, ‘பேச்சாளர்’. கூட்டாய்வின் குரலாக இருப்பதே அவர் வேலை என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஆயினும் அன்றாடக் கட்டுப்பாட்டைத் தருவது ஆசிரியர் பட்டியல். அட்லஸில் புதிதாகச் சேர்பவர், கருவியின் அளவீட்டுத் திருத்தமோ மென்பொருளோ கூட்டுக்குப் பொதுவான ஒரு வேலையைச் செய்து முடித்த பிறகே பட்டியலில் இடம்பெறுகிறார். இடம்பெற்றபின், தான் தொடாத ஆய்வுக்கட்டுரையிலும் அவர் பெயர் அகரவரிசையில் வரும். நிறுவனங்கள் கட்டும் பொதுப் பராமரிப்புச் செலவும் பட்டியலிலுள்ள முனைவர்களின் எண்ணிக்கையை ஒட்டியே பங்கிடப்படுகிறது. உழைப்பு, பெயர், பணம் மூன்றும் ஒரே கணக்கில் முடிச்சிடப்பட்டிருக்கின்றன.

இதற்கு விலையும் உண்டு. மூவாயிரம் பெயர்களுக்கு நடுவே இருக்கும் இளம் ஆய்வாளர் என்ன செய்தார் என்பதைக் கட்டுரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எனவே மாநாட்டில் யார் பேசுவது என்பதைப் பங்கிடும் குழு, உள்சுற்றுக் குறிப்புகள், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை தகுதியைக் காட்டும் இரண்டாவது ஏடாக வளர்ந்தன.

5. பட்டியல் நின்றபோது

2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததும் அதிர்வு முதலில் தெரிந்த இடங்களில் ஒன்று இந்தப் பட்டியல். ரஷ்ய நிறுவனங்களின் பெயரோடு தம் பெயரும் வருவதைச் சிலர் ஏற்கவில்லை. சக ஆய்வாளரின் உழைப்பை அழிப்பதை வேறு சிலர் ஏற்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு, மோதுவிச் சோதனைகளின் முன்பதிப்புகள் ஆசிரியர் பெயர்களே இல்லாமல் வந்தன. 2023இல் ஒரு நடுவழி பிறந்தது: ஆளின் பெயர் இருக்கும், நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், செர்னுடன் ஒத்துழைப்பு உடன்படிக்கை கொண்ட ஒரு நிறுவனம் என்ற பொதுத்தொடர் நிற்கும்.

ரஷ்யாவுடனான உடன்படிக்கை 2024 நவம்பர் 30 அன்று காலாவதியானது. உடன்படிக்கையை நீட்டிக்காமல் விடப் பேரவையின் தீர்மானம் போதுமானதாக இருந்தது. பெயர்களை என்ன செய்வது என்று முடிவெடுக்க ஓராண்டு பிடித்தது. உடன்படிக்கை முடிந்த அன்றும், சி.எம்.எஸ். கருவியின் இரு முனைகளிலும் அந்தப் பித்தளை இருந்த இடத்திலேயே இருந்தது.