சாதிக்கு அப்பன், வருமானத்துக்குப் புருஷன்: கல்வி உதவித்தொகையின் கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆளேற்றும் கம்பெனி வேன்களும், பொன்னேரிக் கல்லூரிக்குப் பிள்ளைகள் போகும் மின்சார ரயிலும் ஒரே காலையில்தான் புறப்படுகின்றன. இந்தப் பகுதிச் சேரிகளில் வேலை செய்யும் எங்களிடம் இளம்பெண்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, கல்யாணம் ஆயிடுச்சு, கைக்குழந்தையும் இருக்கு. விட்ட படிப்பைத் தொடர்ந்தா ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?" இதற்குப் பதில் சொல்ல எண்பது வருட வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே மாதம் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் பேசினார். கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள், மனைவி கணவனுக்குச் சமமான தோழியாக நிற்க வேண்டும், அடிமையாக அல்ல என்பது அந்தப் பேச்சின் சாரம். அவ்வாண்டே பட்டியல் சாதியினரின் குறைகளை அரசுக்கு மனுவாக எழுதிக் கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக உயர்கல்விக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944-இல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பிறந்தது. நம்மில் பலரும் பட்டம் வாங்கியது அந்தப் பணத்தில்தான்.

திட்டம் வளர்ந்தது, விதிகளும் வளர்ந்தன. குடும்ப வருமான வரம்பு 2013-இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் ஆனது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 59,000 கோடிக்கு மேல் ஒப்புதல் தந்தபோதும் வரம்பு ஏறவில்லை. சரி, "குடும்பம்" என்றால் யார்? 2010-இன் வழிகாட்டு நெறிமுறை இப்படிச் சொல்கிறது: தாயோ தந்தையோ உயிரோடு இருக்கும்வரை அவர்கள் வருமானம், வேலையில்லாத, திருமணமான மாணவி என்றால் கணவனின் வருமானம்.

இதைக் கவனியுங்கள், தோழர்களே. திருமணமான மாணவனுக்கு இப்படியொரு வரி கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகும் அவன் அப்பா அம்மாவின் மகன்தான். பெண்ணை மட்டும் தாலி கட்டியதும் இன்னொரு வீட்டுக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் சாதிச் சான்றிதழ் பிறந்த வீட்டு வழியில்தான். கல்யாணம் சாதியை மாற்றாது. ஒரே விண்ணப்பத்தில் சாதிக்கு அப்பன், வருமானத்துக்குப் புருஷன். தந்தைவழிச் சமூகம் என்று சமூகவியல் பாடத்தில் படித்தது, இங்கே விண்ணப்பப் படிவமாகக் கண்முன் நிற்கிறது.

நடைமுறையில் என்ன ஆகும்? அப்பா விவசாயக் கூலி. கணவனுக்கு ஆலையில் மாதம் 21,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,52,000. வெறும் 2,000 ரூபாயில் அவள் திட்டத்துக்கு வெளியே. அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகை, குழந்தைக்குப் பால், வட்டி எல்லாம் போக அவள் படிப்புக்கு எவ்வளவு மிஞ்சும் என்று விதி கேட்பதில்லை. கணவன் அவளைக் கைவிட்டுப் போயிருந்தாலும், உயிரோடு இருக்கிறான் என்பதே அந்த வரிக்குப் போதும். குழந்தைக்கென்று தனிப்படியும் திட்டத்தில் இல்லை.

தமிழக அரசின் பாதை வேறு. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. பின்னாளில் பட்டம் படித்த பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் என்றானது. பெண்ணைப் படிக்க வைக்க அது உதவியது. ஆனால் படிப்பின் பரிசு கல்யாணம் என்றும் சொல்லாமல் சொன்னது. 2022-இல் அந்தப் பணம் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்கிலேயே. கல்யாணத்துக்குக் கொடுத்த காசைப் படிப்புக்குத் திருப்ப முடியும் என்று இது காட்டிவிட்டது.

அமெரிக்காவில் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் திருமணமானவர் என்றாலோ, தன் செலவில் குழந்தையை வளர்ப்பவர் என்றாலோ, பெற்றோரின் வருமானம் சேராது. வாழ்க்கைத் துணையின் வருமானம் சேரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. அங்கேயும் கல்யாணத்தால் உதவியை இழப்பவர்கள் உண்டு. ஆனால் பெற்றோராக இருக்கும் மாணவர் என்ற ஒருவரை அந்த விதிக்குத் தெரியும். நம் விதிக்குத் தெரியவில்லை.

இங்கே கொஞ்சம் நகர்ந்திருப்பது ஒன்றுதான். 2021 டிசம்பரில் யுஜிசி, இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைப்பதிவுச் சலுகை பற்றி விதி வகுக்கும்படி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் அந்த விதி இருக்கிறதா? போய்க் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. வருமானக் கணக்கில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. கைவிடப்பட்ட பெண்ணின் விண்ணப்பத்தில் கணவன் வருமானம் கேட்கக் கூடாது. குழந்தையுள்ள மாணவிக்குத் தனிப்படி. கல்லூரியிலோ பக்கத்து அங்கன்வாடியிலோ குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம்.

திருமணமானதை மறைத்து விண்ணப்பிக்கச் சொல்லும் இடைத்தரகர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், பிடிபட்டால் இழப்பு உங்களுக்கு மட்டும்தான். உண்மையைச் சொல்லி, மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காகிதம்தான் நமக்கு ஆதாரம்.

அண்ணல் 1942-இல் அரசிடம் பணமும் கேட்டார், பெண்களிடம் சுயமரியாதையும் கேட்டார். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தக் கைக்குழந்தைக்காரி வகுப்பறைக்குத் திரும்புவாள்.

ஜெய்பீம்.