வானத்தில் நமக்கோர் இடம்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் வீட்டுக் கூரைகளிலும் ஆஸ்ட்ரோ டிஷ்கள் ஏன் வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன?

நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோளம், பூமி தன்னைத் தானே சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதனால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு அது ஏறக்குறைய உச்சியில் இருக்கிறது.

மலேசியாவின் முதல் துணைக்கோளமான மீசாட்-1, 1996 ஜனவரியில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ தளத்திலிருந்து ஏரியான் ராக்கெட்டில் புறப்பட்டது. கூரூவும் நிலநடுக்கோட்டுக்கு அருகில்தான். அங்கே பூமியின் சுழற்சி ராக்கெட்டுக்குக் கூடுதல் வேகம் தரும். ராக்கெட் அதை நீள்வட்டப் பாதையில் விட்டது. பிறகு துணைக்கோளம் தன் சொந்த இயந்திரத்தால் உயர்ந்து, 91.5 பாகை கிழக்கில் இடம் பிடித்தது.

அதுவரை ஆர்டிஎம்மில் பிற மொழிகளுக்கிடையே தமிழுக்குச் சில மணி நேரமே கிடைத்தது. அதே 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. தமிழுக்கென்றே வானவில் பிறந்தது.

ஆனால், துணைக்கோளம் கீழிருந்து அனுப்புவதைத்தான் திருப்பித் தரும். சென்னைப் படைப்புகளை மட்டும் அனுப்பினால் சென்னைதான் நம் வீட்டுக்கு வரும். கிள்ளான் கதை திரைக்கு வர, அதை இங்குள்ளவர்கள் எழுத வேண்டும், நடிக்க வேண்டும். நாமும் விரும்பிப் பார்க்க வேண்டும்.