விமானி உட்கார்ந்திருந்த பட்டு

சந்தவாசல், ஆரணி பக்கத்துத் தறிகளில் ஏறும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. பாவு நூலில் எங்காவது இழை மெலிந்திருந்தாலோ முடிச்சு விழுந்திருந்தாலோ நெசவாளரின் விரல் நுனிக்கு உடனே தெரிந்துவிடும். சேலையில் அது ஒரு குறை, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தக் குறையால் ஒரு விமானியின் உயிரே போகலாம் என்றிருந்தது. போரின் தொடக்கத்தில் பாராசூட் பட்டுத்துணியில்தான் தைக்கப்பட்டது.

அதற்கு முந்தைய போரில் பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அதுகூடக் கிடையாது. பலூனில் ஏறி வேவு பார்த்தவர்களுக்குப் பாராசூட் கொடுத்தார்கள், விமானிகளுக்குக் கொடுக்கவில்லை. கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் 1918 ஜூலையில் பதின்மூன்றே நாட்களில் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தியவர். ஜூலை 22 அன்று அவருடைய விமானம் பிரான்ஸ் வானில் தீப்பிடித்து விழுந்தது. குதித்துப் பிழைக்க வழியில்லை. அவருக்கு வயது 19. விமானிகளுக்குப் பாராசூட் வேண்டாம் என்று முடிவெடுத்த அதிகாரிகளை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

1919-இல் அமெரிக்கரான லெஸ்லி இர்வின், தானே கயிற்றை இழுத்து விரிக்கும் பாராசூட்டுடன் விமானத்திலிருந்து குதித்துக் காட்டினார். இரண்டாம் போரில் ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் விமானிகள் அந்த வகைப் பாராசூட்டின் மேல்தான் உட்கார்ந்து பறந்தார்கள். மடித்த மூட்டையே இருக்கையின் மெத்தை. பிரித்தால் 24 அடி விட்டமுள்ள குடை, அதிலிருந்து தொங்கும் 24 கயிறுகள். ஈரம் பட்டால் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். அதனால் அவ்வப்போது உயரத்தில் தொங்கவிட்டு உலர்த்தி, நீண்ட மேசையில் விரித்து, மடிப்பு மடிப்பாகத் திரும்பக் கட்டுவார்கள். பிரிட்டனில் இந்த வேலையைச் செய்தவர்களில் பலர் பெண்கள். இர்வின் பாராசூட்டால் உயிர் பிழைத்தவர்களுக்குத் தங்கத்தில் செய்த, பட்டுப்புழு வடிவிலான சின்னச் சட்டை ஊசி ஒன்று கிடைத்தது.

போருக்கு முன் உலகச் சந்தைக்கு வந்த கச்சாப் பட்டில் பெரும்பங்கு ஜப்பானுடையதாக இருந்தது. 1941-இல் அந்த வரத்து நின்றதும் நேச நாடுகளின் பார்வை மைசூர், காஷ்மீர் பக்கம் திரும்பியது. கைராட்டையில் எடுத்த நூல் பாராசூட்டுக்கு ஆகாது. தடிமன் சீராக வராது. வெந்நீரில் கூடுகளைப் போட்டு இயந்திரத்தில் நூலெடுக்கும் ஆலைகளின் நூல் தேவைப்பட்டது. மைசூர்ப் பட்டின் கிராக்கி ஏறியது. சேலைக்குப் போக வேண்டிய நூல் போருக்குப் போனது.

அப்படியும் போதவில்லை. பர்மாப் போர்முனையில் படைகளுக்கு உணவும் குண்டும் வானிலிருந்தே இறங்கின. அவற்றுக்கான பாராசூட்டை அந்தப் படைகளின் தளபதி ஸ்லிம் கல்கத்தாவின் சணல் ஆலைகளில் செய்யச் சொன்னார். ஒன்றின் விலை ஏறக்குறைய ஒரு பவுண்டு. வழக்கமான பாராசூட்டுக்கு 20 பவுண்டுக்கு மேல் ஆனது. சணலில் அரிசி மூட்டை இறங்கலாம், மனிதன் இறங்க முடியாது. 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த இந்திய விமானிகளுக்கு நம்பகமான பாராசூட்தான் வேண்டியிருந்தது.

அதற்குள் நைலான் வந்துவிட்டிருந்தது. 1942 ஜூனில் அடலின் கிரே என்ற பெண் அமெரிக்காவில் நைலான் பாராசூட்டுடன் குதித்துப் பத்திரமாகத் தரையிறங்கினார். பிறகு விமானிகளின் பாராசூட்டில் பட்டின் இடத்தை நைலான் படிப்படியாகப் பிடித்தது.