புதையல் தேடுற மெஷினும் நம்ம டின் டிக்கெட்டும்

ஊவாவுல "ஸ்கேனர்"னு சொன்னா ஆஸ்பத்திரி ஞாபகம் வராது, புதையல்தான் ஞாபகம் வரும். மொனராகலை, வெல்லவாய, பதுளைப் பக்கம் புதையல் தோண்டிய ஆட்கள் கைது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. பூசைச் சாமான், மண்வெட்டி, கூடவே ஒரு மெட்டல் டிடெக்டர். பிடிபடாத மெஷின்களும் இருக்கு. ஆசையில வாங்கி, ஒண்ணும் கிடைக்காம, பேட்டரி உருகி மூலையில கிடக்கிறவை. அப்படி ஒன்றைத் திரும்ப ஓட வைக்க முடியுமா? ஓட வைத்தால், எதைத் தேடுவது? இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதற்கு முன் மெஷினின் கதையைப் பார்த்துவிடலாம்.

இந்தக் கருவி பிறந்ததே புதையலுக்காக இல்லை. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். உடம்புக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க, தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவி செய்தார். படுக்கையின் இரும்புக் கம்பிச் சுருள்கள் குழப்பின. டாக்டரும் தான் நினைத்த பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டு கிடைக்கவில்லை, ஜனாதிபதி இறந்துபோனார்.

அறுபது வருடம் கழித்து, ஸ்கொட்லாந்தில் இருந்த போலந்து அகதி இராணுவத்தின் அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி, கையில் தூக்கிப் போகும் கண்ணிவெடி டிடெக்டரை உருவாக்கினார். காப்புரிமை கேட்காமல் பிரிட்டிஷ் இராணுவத்துக்குக் கொடுத்தார். 1942இல் எல் அலமெய்ன் போரில் 500 கருவிகள் இறங்கின. அடிப்படை இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான். வட்டச் சுருளில் மின்சாரம் ஓடி காந்தப்புலம் உண்டாகும். கீழே உலோகம் இருந்தால் அதில் சின்ன மின்னோட்டம் கிளம்பும். அதைக் கருவி சத்தமாக்கிக் காதுக்குச் சொல்லும்.

பழைய மெஷினைச் சரிபண்ண முடிகிற காரணமும் இதுதான். செம்புக் கம்பிச் சுருள் லேசில் தேயாது. கெட்டுப்போறது பெரும்பாலும் மூணு இடம். ஒன்று, பேட்டரிப் பெட்டி: கசிந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ படிஞ்சிருக்கும். சுரண்டி, கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவிட வேண்டும். இரண்டு, சுருளுக்குப் போற வயர்: மடங்குற இடத்தில் உள்ளே அறுந்திருக்கும். மூன்று, திருகுற குமிழும் ஹெட்போன் துளையும். ரேடியோ பழுதுபார்க்கிற அண்ணன் ஒருவர் போதும். பிறகு ஒரு நாணயத்தை 5, 10, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, எதுவரை சத்தம் வருதுன்னு எழுதி வைக்கணும். செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம் என்பதால் மண்ணே பொய்ச் சத்தம் தரும். நம்ம மண்ணுக்கு ஏற்ற மாதிரி கருவியைப் பழக்க வேண்டும்.

சரி, எதைத் தேடுவது? இங்கேதான் சட்டம் வருகிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். சொந்தக் காணியாக இருந்தாலும் குற்றம்தான். அதே சட்டம் தொல்பொருள் என்பதற்கு ஒரு கோடு போடுகிறது: 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. பிந்திய கட்டிடங்களை அமைச்சரின் தனி உத்தரவால் பாதுகாக்க வழியிருக்கு. ஆனால் பொதுவான கோடு 1815தான்.

நம்ம கதை எப்போ தொடங்குது? 1823 என்று கணக்கு வைத்துத்தான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, மலையகத்தின் 200 வருடத்தை நினைவுகூர்ந்தோம். அதாவது கோடு போட்டு எட்டு வருடம் கழித்து நாம் வந்திருக்கிறோம். நம்ம பாட்டன் பூட்டன் தொட்ட எந்தப் பொருளும் இந்த வரையறைக்குள் தொல்பொருள் இல்லை. லயம் இடிந்தால் அது வெறும் குப்பை.

அந்தக் குப்பையில் என்ன இருக்கலாம்? ஒரு உதாரணம், டின் டிக்கெட். 1901இல் வந்த முறை இது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு எண். அந்த எண் குத்திய தகர வில்லையைக் கூலியாளிடம் கொடுப்பார்கள். அதைக் காட்டினால் தட்டப்பாறை முகாம் வழியாக, பிறகு மண்டபம் முகாம் வழியாக அவர் அந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்படுவார். பயணச் செலவு தோட்டத்துக் கணக்கில் விழும். பார்சலில் விலாசம் ஒட்டுற மாதிரி, மனுசனுக்கு எண். கங்காணியிடம் பட்ட கடனைச் சொல்லும் "துண்டு" காகிதமாக இருந்தது, 1921இல் சட்டம் அதை ஒழித்தது. காகிதம் மண்ணில் தங்காது. தகரம் கொஞ்ச காலம் தங்கும்.

ரயில் பண்டாரவளைக்கு வந்தது 1894இல், பதுளைக்கு 1924இல். அதுக்கு முன்னால ஊவா மலைகளுக்குக் கால்நடையாகத்தான் வந்தார்கள். பழைய நடைபாதைகள், இடிந்த லயங்கள், கைவிட்ட பிரட்டுக்களம்: தேட வேண்டிய இடங்கள் இவை.

ஒரு ஒப்பீடு சொல்றேன். 1900இல் தியத்தலாவைக்கு போயர் போர்க்கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். இரண்டு வருடம் போல இருந்தார்கள். இறந்தவர்களுக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. பக்கத்துத் தோட்டங்களில் நாலு தலைமுறையாக இறந்தவர்களின் மேட்டுக்கு மேலே தேயிலைதான் இருக்கிறது.

அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1983இல் தீப்பிடித்துப் புல் எரிந்தது. அடுத்த வருடம் ஆய்வாளர்கள் மெட்டல் டிடெக்டர்களோடு வரிசையாக நடந்து, கிடைத்த ஒவ்வொரு தோட்டா உறையையும் வரைபடத்தில் குறித்தார்கள். 1876இல் அங்கே போரிட்ட பழங்குடி மக்கள் சொல்லிவந்த, பலர் நம்பாத சாட்சியங்கள் பலவற்றுக்கு மண்ணே ஆதாரம் தந்தது. அவர்கள் தேடியது தங்கம் இல்லை. எந்தப் பொருள் எந்த இடத்தில் கிடந்தது என்பதைத் தேடினார்கள். பொருளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டால் அந்த விசயம் போய்விடும்.

அதனால மெஷினைச் சரிபண்ணியதும் மலைக்குள் இறங்கிடாதீங்க. முதலில் தொல்பொருள் திணைக்களம், தோட்ட நிர்வாகம் இரண்டிடமும் எழுத்தில் அனுமதி. தொல்லியல் படித்த ஒருவர் கூட இருக்கணும். சத்தம் வந்த இடத்தைப் படமெடுத்து, வரைபடத்தில் குறிக்கணும். புதைகுழிப் பக்கம் போகவே கூடாது. கிடைப்பதில் பெரும்பகுதி கூரை ஆணியும் உடைந்த கவ்வாத்துக் கத்தியுமாகத்தான் இருக்கும். அதுவும் சரித்திரம்தான். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயத்திலேயே இயங்கும் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் அப்படிப்பட்ட சாமான்களுக்கு மதிப்பு உண்டு என்று 2007இலிருந்து காட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கருவியை நிதானமாகப் பிடிக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் தொழிலாளர்கள், அதில் நிறையப் பெண்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களும் வெடி விதைத்த அந்த மண்ணில்தான் வாழ்ந்தன. ஒவ்வொரு சென்டிமீட்டராக, காதைத் தீட்டி, பதறாமல் தேடுவது எப்படி என்று அவர்களிடம் கற்கலாம்.

அவசரமும் இருக்கு. தேயிலை மண் புளிப்பு மண், தகரத்தைச் சீக்கிரம் தின்னும். லயங்கள் இடிக்கப்பட்டு வீடுகள் வருகின்றன, வரத்தான் வேண்டும். அஸ்திவாரம் வெட்டுவதற்கு முன்னால் ஒரு நாள், அனுமதியோடு, அந்தப் பழைய மெஷினோடு நடந்து பார்க்கக் கேட்பது பெரிய கோரிக்கை இல்லையே?